குழியில் விழுந்த தம்பி

பிப்ரவரி 15, சனி. குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டது

"அண்ணன் டீனும் தம்பி சாமும் பேய் வேட்டையாடுகிற அமெரிக்கத் தொடர் சூப்பர்நேச்சுரல் முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை. பேய், பிசாசு, தேவதூதன், கடைசியில் கடவுளையே எதிர்த்து நின்ற டீன் வின்செஸ்டர், ஒரு கொட்டகையில் கம்பி குத்திச் சாவானா? இனிமேல் அதிலிருந்து பிரித்து ஒரு ஸ்பின்-ஆஃப் தொடர் எடுத்தால் முதல் காட்சியிலேயே அவனை எழுப்ப வேண்டும். வேறு யாரை வைத்து எடுத்தாலும் நான் பார்க்கப் போவதில்லை. என்ன சொல்கிறீர்கள்?"

பிப்ரவரி 15, இரவு 11.40

எழுப்ப வேண்டாம். எத்தனை தடவைதான் எழுப்புவது? மூன்றாவது சீசனில் ஒரே செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப விடிந்து, நூறு செவ்வாய் டீன் செத்தான். தொண்டையில் சாசேஜ் சிக்கிச் செத்தான், குளியலறையில் வழுக்கிச் செத்தான். அப்புறம் நரகத்துக்குப் போய் வந்தான். ராட்சசர்கள் செத்தால் போகிற பர்கேட்டரிக்குப் போய் வந்தான். நடுவில் கொஞ்ச காலம் பிசாசாகவே இருந்தான். இன்னொரு தடவை எழுப்பினால் அவன் சாவுக்கு ஒரு பைசா மதிப்பிருக்காது.

கம்பி குத்திச் சாவானா என்றால், சாவான். எங்கள் பெரியப்பா ராணிப்பேட்டையில் தோல் ஏற்றிக்கொண்டு பெங்களூர் ரோட்டில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவர். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. லாரியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த இரண்டாம் வருஷம் கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்தார், அவ்வளவுதான். சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "இவ்ளோ ரோடு பாத்த மனுசன்." டீன் அந்தத் தூணில் சாய்ந்து நின்றபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

பிப்ரவரி 16, காலை 7.15

படுத்தபின் யோசித்ததில் ஒன்று விட்டுப்போனது தெரிந்தது. சாவு சரி, சாவுக்கு அப்புறம் வந்த விக் சரியில்லை. கிழவனான சாமுக்கு ஒரு நரைமுடி விக் மாட்டினார்களே, பள்ளி ஆண்டு விழாவில் ஔவையாருக்கு மாட்டுவது இதைவிட நன்றாக இருக்கும். அண்ணனுக்காக அழுதுகொண்டிருந்தவள் அந்த விக்கைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். மனைவியையாவது ஒழுங்காகக் காட்டினார்களா? தூரத்தில் மங்கலாக ஓர் உருவம், முகம் கிடையாது. ஒரு மனிதனின் மிச்ச ஆயுசு முழுவதையும் சில நிமிஷத்தில் ஓட்டிவிட்டார்கள்.

கொரோனாவைச் சொல்வார்கள், தெரியும். கடைசி இரண்டு எபிசோடு பாக்கி இருக்கும்போது 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்றது, ஆகஸ்டில்தான் மறுபடி தொடங்கினார்கள், பழைய முகங்களைக் கூட்டிவர முடியவில்லை. எல்லாம் சரி. ஆனால் கொரோனாவில் விக் கடை எல்லாமா மூடிவிட்டது?

பிப்ரவரி 16, மாலை

ஸ்பின்-ஆஃப் எடுக்க இதுவரை மூன்று தடவை முயன்றார்கள். (2010இல் பேய் பிடிக்கும் கோமாளிகளை வைத்து எடுத்த குட்டி இணையத் தொடரையும், அடுத்த வருஷம் வந்த ஜப்பான் அனிமேயையும் சேர்க்கவில்லை.)

2014இல் ஒன்பதாவது சீசனின் 20ஆவது எபிசோடாக 'பிளட்லைன்ஸ்'. சிகாகோவை ஐந்து ராட்சசக் குடும்பங்கள் தாதாக்கள் மாதிரிப் பங்குபோட்டு ஆளுகின்றன. அத்தனையும் புது ஆள்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் வேறொரு வீட்டுக் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினது போல இருந்தது. சேனல் எடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

2018 ஜனவரியில் 'வேவர்ட் சிஸ்டர்ஸ்'. சூ ஃபால்ஸ் ஊரின் ஷெரிஃப் ஜோடி மில்ஸ், அவள் வீட்டில் அடைக்கலமான பெண்கள், கூட சிரித்த முகத்தோடு இன்னொரு ஷெரிஃப் டோனா. இதை எடுக்காமல் விட்டதற்கு நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். இந்தத் தொடரில் பெண்கள் எதற்கு வருவார்கள் என்றால் சாவதற்கு வருவார்கள். அம்மா கூரையில் எரிந்தாள், சாமின் காதலி கூரையில் எரிந்தாள். இவர்களுக்குத் தங்கை மாதிரி இருந்த சார்லியைக் கொன்று மோட்டல் குளியல் தொட்டியில் போட்டார்கள், அந்தச் சாவைக்கூட நேரில் காட்டவில்லை. இத்தனைக்கும் நடுவில் உயிரோடு மிஞ்சி, சமைத்து, திட்டி, நாலு பெண்களைக் கரையேற்றினவள் ஜோடி. அவளுக்கு ஒரு தொடர் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

மூன்றாவது, 'தி வின்செஸ்டர்ஸ்'. அப்பா ஜானும் அம்மா மேரியும் இளசுகளாக இருந்த கதை. 2022 அக்டோபரில் தொடங்கி, 13 எபிசோடு ஓடி, 2023 மார்ச்சில் முடிந்து, மே மாதம் ரத்து. இதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 18

வேலூரில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக எடுக்கலாம், ஆனால் சாமுக்கும் டீனுக்கும் இங்கே வேலை இருக்காது. அவர்கள் தொழிலே மூன்று சாமான்தான்: உப்பு, இரும்பு, எலும்பை எரிக்கத் தீப்பெட்டி. உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போடாத வீடு இந்த ஊரில் இருக்கிறதா? ராத்திரியில் கறிக்குழம்பு கொண்டுபோனால் தூக்கின் மேல் ஒரு கரித்துண்டோ ஆணியோ இல்லாமல் அம்மா வெளியே விடமாட்டாள். எலும்பு? நாமே எரித்து, மிச்ச சாம்பலையும் கரைத்துவிடுகிறோம். டீன் காட்பாடியில் இறங்கி, ஆம்பூர் போய் ஒரு பிரியாணி தின்றுவிட்டு அடுத்த ரயிலில் திரும்ப வேண்டியதுதான்.

தேவதூதன் காஸ்டியலுக்குத்தான் இங்கே வேலை. ஐந்தாவது சீசனில் கடவுளைக் காணோம் என்று கோட்டை மாட்டிக்கொண்டு தேடினானே. "சாமியில்லாத கோயில்" என்று பேர் வாங்கின ஊர் இது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் எத்தனையோ தலைமுறையாக வெறும் கல்லாக நின்றது, 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆயாவிடம் காஸ்டியல் தேடுகிற காட்சியைச் சொன்னபோது, "சாமி எங்க போச்சு, சத்துவாச்சாரியிலதான இருந்துச்சு" என்றாள். பிற்பாடு பார்த்தால் கதையிலும் அப்படியேதான். கடவுள் எங்கும் போகவில்லை, சக் என்று பேர் வைத்துக்கொண்டு பேய்க்கதை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 19

திருத்தம். எலும்பை நாமே எரித்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தேன். பேர்ணாம்பட்டுத் தோழி ஒருத்தி, "எங்க வீட்ல யாரையும் எரிக்க மாட்டாங்க, தெரியும்ல?" என்று கேட்டுவிட்டாள். தெரியும். அவள் வீட்டில் மட்டும் இல்லை, புதைக்கிற சாதி சனம் இந்தப் பக்கம் நிறைய. அவ்வளவு ஏன், எங்கள் ஆயாவையே புதைத்தோம். நானே மண் போட்டேன். வாய்க்கு ருசியாக ஒரு வரி வந்தால் சொந்த வீட்டுச் சாவுகூட மறந்துபோகிறது.

ஆக டீனுக்கு இங்கே வேலை உண்டு. பிரியாணி தின்றுவிட்டு இரண்டு நாள் தங்கட்டும்.

பிப்ரவரி 20, நள்ளிரவு

'தி வின்செஸ்டர்ஸ்' பாக்கி.

அதில் எனக்கு ஜானும் மேரியும் பிடித்திருந்தார்கள். கதை போகப் போக, நமக்குத் தெரிந்த பழைய கதையோடு எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் பார்த்தால் அது வேறொரு உலகமாம், செத்துப்போன டீன் தன் காரை ஓட்டிக்கொண்டு அங்கே வந்திருக்கிறானாம். முதலிலிருந்தே பின்னணிக் குரல் அவனுடையதுதான், ஜென்சன் ஆக்கில்ஸ்தான் தயாரிப்பாளர்களில் ஒருவர். தம்பியாக நடித்த ஜாரெட் படலெக்கிக்கு இப்படி ஒரு தொடர் வருகிறது என்பதே ட்விட்டரைப் பார்த்துத்தான் தெரிந்ததாம், மனம் நொந்து எழுதினார். பிறகு சமாதானமாகிவிட்டார்கள்.

சிவனின் கையில் பிரம்மனின் கபாலம் ஒட்டிக்கொண்ட கதை தெரியுமல்லவா? பிச்சை வாங்கிப் போடுகிற சோற்றையெல்லாம் அது தின்றுவிடும், சிவனுக்கு ஒரு பருக்கை மிஞ்சாது. டீன் இவர்களுக்கு அந்தக் கபாலம் மாதிரி ஆகிவிட்டான். யார் கதையை எடுத்தாலும் அவன்தான் தின்கிறான். குடியாத்தத்துக்காரர் கேட்பதும் அதற்கு இன்னும் கொஞ்சம் சோறுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் டீனைப் பிடிக்கும்.

பிப்ரவரி 20, ஒரு மணி நேரம் கழித்து

கெவின் டிரானைப் பற்றி யாருமே பேசவில்லையே. தீர்க்கதரிசியாக இழுத்துவரப்பட்ட படிப்பாளிப் பையன். ஒன்பதாவது சீசனில் செத்தான். சொர்க்கத்துக்கு அனுப்பிவிட்டேன் என்று கடவுள் சொன்னது பொய், நரகத்தில் கிடந்திருக்கிறான். பதினைந்தாவது சீசனில் திரும்பி வந்தபோது, சொர்க்கத்துக்குப் போக வழி இல்லை என்று சொல்லி, ஆவியாகவே சுற்றப் போய்விட்டான். தனியாகச் சுற்றுகிற ஆவிக்கு நாளாக ஆகப் புத்தி பேதலிக்கும் என்பது அந்தத் தொடரின் விதி. அப்படியே விட்டுவிட்டார்கள். அவன் அம்மா லிண்டாவுக்காவது யாராவது போன் செய்தார்களா?

நம் வீடாக இருந்தால் ஒரு அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் இறைத்துக் கணக்கை முடித்திருப்போம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைக்கு லீவு. நீளமாக எழுதுவேன், பொறுக்க முடியாதவர்கள் தாண்டிப் போகலாம்.

சென்னை ஹாஸ்டலில் ஒரு சீனியர் ஹார்டு டிஸ்க்கில் ஐந்து சீசன் கொடுத்தாள். லீவுக்கு வந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாத 2012. ஆயா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது, நான்தான் நடுநடுவே சொல்லுவேன். சாம் அவளுக்கு நெட்டையன். காஸ்டியல் கோட்டுக்காரன். பிசாசு குரோலி வந்த அன்றைக்கே "இவன் சகுனி" என்றாள். டீன் தோல்சட்டைக்காரன். தோல் ஷாப்பில் வேலை செய்த அப்பா அந்த வழியாகப் போகும்போது நின்று, டீன் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்து, "பினிஷிங் நல்லா கீது" என்றுவிட்டுப் போவார்.

ஐந்தாவது சீசனின் கடைசி எபிசோடு. சாம் தனக்குள் சாத்தான் லூசிஃபரை அடக்கிக்கொண்டு நரகக் குழியில் குதிக்கிறான், தடுக்க வந்த தேவதூதன் மைக்கேலையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். மைக்கேல் எந்த உடம்பில் இருந்தான்? ஆடமின் உடம்பில். ஜான் வேறொருத்திக்குப் பெற்று, வேறு ஊரில் வளர்ந்து, அண்ணன்கள் இருப்பதே தெரியாமல் இருந்த பையன். அம்மா நர்ஸ், இவன் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டவன். இந்தக் குடும்பச் சண்டைக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேவதூதர்கள் எழுப்பிக் கூட்டிவந்து பலி கொடுத்துவிட்டார்கள். அந்த எபிசோடின் முடிவிலேயே சாம் திரும்பி வந்து தெருவிளக்கடியில் நிற்கிறான். எனக்கு ஆனந்தக் கண்ணீர். ஆயா கேட்டாள்: "ஏண்டி, கூட ஒரு பையன் உழுந்தானே, அவன் இன்னா ஆனான்?"

அடுத்த சீசன்ல வருவான் ஆயா என்றேன்.

வரவில்லை. ஆறாவது சீசனில் மரண தேவனே டீனிடம், இரண்டு தம்பிகளில் ஒருவனைத்தான் மீட்டுத் தருவேன், சாமா ஆடமா என்று கேட்கிறான். டீன் சாமைச் சொன்னான். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதற்கப்புறம் ஆடம் பேரை அநேகமாக எடுக்காமலே நாலு சீசன் வண்டி ஓட்டினார்கள். 200ஆவது எபிசோடில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இவர்கள் கதையை நாடகமாகப் போடுகிறார்கள். அதில் ஆடம் வேஷத்தில் ஒருவர் நிற்க, அவன் இன்னும் அந்தக் குழிக்குள் கூண்டில்தான் இருக்கிறான் என்று ஒரு பெண் சொல்கிறாள், அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். எழுதினவர்களுக்கே தெரிந்திருக்கிறது! 11ஆவது சீசனில் சாம் அதே கூண்டுக்குள் மறுபடி போனான். லூசிஃபரைக் காட்டினார்கள், ஆடமைக் காட்டவில்லை. "அங்கதானடி இருக்கணும் அவன்" என்றாள் ஆயா. ஒவ்வொரு தடவை நான் ஊருக்கு வரும்போதும் சாப்பிட்டியா என்பதற்கு அடுத்த கேள்வி இதுதான்.

ஏன் அவளுக்கு அவன்மேல் மட்டும் இவ்வளவு அக்கறை என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஆயா பிறந்த ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரிக்கு ஒரு கூத்து என்று விடிய விடியப் பார்த்து வளர்ந்தவள். அரவான் கதை அவளுக்கு மனப்பாடம். அர்ச்சுனன் நாக கன்னிக்குப் பெற்ற பிள்ளை. வேறெங்கோ வளர்கிறான். போர் தொடங்குவதற்கு முன்னால் எல்லா லட்சணமும் உள்ள ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டும் என்றதும் அப்பன் வீட்டாருக்கு இவன் ஞாபகம் வருகிறது. சும்மா சாகமாட்டேன், வெட்டின தலையோடு போர் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று வரம் வாங்கிக்கொண்டு அவன் கழுத்தைக் கொடுக்கிறான். இப்போது ஆடமை வைத்துப் பாருங்கள். ஆயாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, எனக்குத்தான் எட்டு வருஷம் ஆனது.

நான் முதலில் எழுதின பதிலை இங்கே மாற்றிக்கொள்கிறேன். டீன் செத்தது சரியா, தப்பா என்பது பெரிய விஷயமே இல்லை. கூத்தில் யார் சாவார்கள் என்று தெரியாமலா ஜமக்காளம் எடுத்துக்கொண்டு போகிறோம்? கர்ணன் சாவான் என்று தெரியும். ஆனாலும் கர்ண மோட்சம் என்று அவனுக்கு ஒரு ராத்திரி உண்டு. அபிமன்யுவுக்கு ஒரு ராத்திரி. அரவானுக்கும் ஒரு ராத்திரி. ஸ்பின்-ஆஃப் என்று இன்றைக்குச் சொல்வதை நம்மாள்கள் கிளைக்கதை என்றார்கள். போர் அதேதான், புதுசாக ஐந்து ராட்சசக் குடும்பம் தேவையில்லை. பெரிய கதையில் நாலு வரியில் கடந்துபோன ஒருத்தனுக்கு விடியவிடிய மேடையைக் கொடுப்பார்கள். டீனுக்கு 327 ராத்திரி கொடுத்தாகிவிட்டது.

ஆடம் திரும்பி வந்தது 2019 டிசம்பரில். ஆயா போனது 2017 ஆடியில்.

பிப்ரவரி 24

அப்படி வந்தவன் என்ன ஆனான் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். முதலில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டான். கூண்டில் பத்து வருஷம், நரகக் கணக்கில் ஆயிரம் வருஷத்துக்கு மேல். அதில் அவனும் மைக்கேலும் ஒருவருக்கொருவர் துணையாகி, ஒரே உடம்பில் மாறி மாறிப் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. டீன் மன்னிப்புக் கேட்டான். இவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, நமக்குக் கிடைக்க வேண்டியது எப்போது கிடைத்தது என்று ஒரே வரி. அப்புறம் கடவுள் உலகத்தில் எல்லோரையும் மறைய வைத்தபோது இவனும் மறைந்தான், அதையும் மைக்கேல் வாயால் ஒரே வரியில் சொன்னதோடு சரி. பிறகு மைக்கேலும் அப்பனான கடவுள் கையாலேயே செத்தான். லூசிஃபரின் மகன் ஜாக் புதுக் கடவுளாகி மறைந்தவர்களையெல்லாம் மீட்டபோது ஆடம் வந்தானா? காட்டவே இல்லை. இரண்டாவது தடவையும் அவனை மறந்துவிட்டார்கள்.

மார்ச் 1, சனி

மயானக் கொள்ளைக்குப் போயிருந்தேன். வெயிலில் நின்றதில் மூக்கு உரிந்துவிட்டது. பாலாற்றில் வழக்கம்போலத் தண்ணியைக் காணோம், தலைதான் தெரிந்தது. தெருத்தெருவாக அங்காளம்மன் தேர்கள் வந்து இறங்கின. காளி வேஷம் போட்ட ஒருவர் நீல முகமும் சிவப்பு நாக்குமாக உறுமிக்கொண்டே வந்தார், கையில் செல்போன். கூட்டத்தில் மகனைத் தவறவிட்டுவிட்டாராம், "பஜ்ஜி கடையாண்ட நில்லுடா" என்று போனில் கத்திவிட்டு மறுபடி உறுமினார். என் தலையில் சூறை விட்ட கொழுக்கட்டை ஒன்று வந்து விழுந்தது. உள்ளங்கை அகலம், உப்பே இல்லை, மேலே மணல். ஊதிவிட்டுத் தின்றேன்.

ஒட்டிக்கொண்ட கபாலத்தை அங்காளி எப்படிக் கழற்றினாள்? மயானத்தில் சோற்றைச் சூறையிட்டாள். தின்ன ஆசைப்பட்டு அது தானாகக் கையை விட்டுக் கீழே இறங்கியது, காலால் மிதித்தாள். டீனைப் பற்றி நான் அன்றைக்குச் சொன்னதில் இந்தப் பாதியை யோசிக்கவில்லை. அதனால் குடியாத்தத்துக்காரருக்கும் கொஞ்சம் இறைத்துவிடுகிறேன். என் கிளைத்தொடரின் முதல் காட்சி இது.

ஆடம் மறைந்த இடத்திலேயே திரும்ப நிற்கிறான். தலைக்குள் சத்தம் இல்லை. மைக்கேல், மைக்கேல் என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறான். ஆயிரம் வருஷம் கூட இருந்த துணை, பதிலே இல்லை. பஸ் ஏறி மின்னசோட்டாவில் விண்டம் என்கிற அவன் ஊருக்குப் போகிறான். வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள், வாசலில் ஒரு குழந்தையின் சைக்கிள். அவன் அம்மா நைட் டியூட்டி பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போய் வெளி பெஞ்சில் உட்கார்கிறான். பக்கத்தில் இருப்பவரிடம் போனை வாங்கி, மனப்பாடமாக இருக்கிற ஒரே நம்பரைப் போடுகிறான். அந்தப் பக்கம், அண்ணன் தம்பி குடியிருந்த நிலவறையான பங்கரில், டீனின் போன்களில் ஒன்று அடிக்கிறது. ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. சாம் வந்து எடுக்கிறான்.

டீனின் போன் வருகிறது ஐயா, போதுமா?

மார்ச் 1, இரவு

ஆடமுக்கு டீனின் நம்பர் எப்படி மனப்பாடம் என்று அதற்குள் ஒருவர் கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. அப்பாவின் பழைய நம்பர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆடம் அந்த அண்ணன்களுக்கு அறிமுகமானதே, செத்த அப்பாவின் போனுக்கு வந்த ஒரு அழைப்பால்தான்.